லாப்ரடாரை வாரம் ஒருமுறை குளிப்பாட்டியும் வாடை போகவில்லை, என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். இரண்டு வயது ஆண் லாப்ரடார், 34 கிலோ, ராப்பகலாக வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை குளிப்பாட்டினால் நாலாம் நாளே வாடை திரும்பிவிடுகிறது. வாரம் ஒருமுறை என்று மாற்றிப் பார்த்தார்கள். சொறிய ஆரம்பித்ததுதான் மிச்சம், வாடை அப்படியே இருக்கிறது. இரண்டு குளியலுக்கு நடுவில் நாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள என்ன வழி?

முதலில் வாரக் குளியலை நிறுத்துங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வியர்வை என்று சொல்லத்தக்கது பாதத்தில் மட்டும்தான். உடம்பில் இருப்பது தோலிலிருந்து ஊறும் எண்ணெய். அந்த எண்ணெய்தான் லாப்ரடாரின் முடியில் தண்ணீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது, தோலையும் காக்கிறது. வாரா வாரம் ஷாம்பு போட்டால் எண்ணெய் போய்த் தோல் வறண்டு அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும், புண்ணில் கிருமி ஏறும், அங்கிருந்து புது வாடை கிளம்பும். அதிலும் நாம் போடும் ஷாம்புவையே போட்டால் இன்னும் மோசம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையில் இருப்பது. நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்புவும் அதற்குப் பொருந்தாது. குழந்தை ஷாம்புவுக்கும் இதே கதைதான்.

அடுத்து, வாடை எதனால் வருகிறது என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. தோல் எண்ணெய்க்கு மட்டும் பெரிய வாடை கிடையாது. தோலில் எப்போதும் கொஞ்சமாகக் குடியிருக்கும் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் (ஒருவகைப் பூஞ்சை) அந்த எண்ணெயைத் தின்று கழிப்பதுதான் வாடை. அவை பெருக ஈரம் வேண்டும், காற்றுப் படாத இடம் வேண்டும். உதிர்ந்தும் விழாமல் உள்ளே சிக்கிக்கிடக்கும் செத்த முடி இந்த இரண்டையும் கொடுத்துவிடுகிறது. மழையில் நனைந்த நாயின் வாடை தூக்கலாக இருப்பதும் இதனால்தான்: முடியில் ஒட்டியிருந்த வாடைப் பொருட்கள் தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் கலந்து நம் மூக்குக்கு வந்துவிடுகின்றன. ஆகவே குளியலுக்கு நடுவில் செய்யவேண்டியது இரண்டே வேலை, செத்த முடியை எடுப்பது, ஈரம் தங்காமல் பார்ப்பது. வாசனை ஏற்றுவது அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே கொஞ்சம் முரட்டு முடி. அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமான முடி. கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி எல்லாமே இப்படித்தான். கடையில் பொதுவாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் பல் வைத்த பிரஷ் மேல்முடியை மட்டும் வருடிவிட்டுப் போகும். மேலே பளபளப்பு வரும், அடியில் மூன்று மாதத்துச் செத்த முடி அப்படியே கிடக்கும். வாங்க வேண்டியவை மூன்று: ரப்பர் முள் வைத்த கைப்பிரஷ் அல்லது கையுறை, அடிமுடியை வாரும் ரேக், அதாவது நுனி உருண்டையாக இருக்கும் நீளப் பல் சீப்பு, சரிபார்க்க ஒரு ஸ்டீல் சீப்பு. அடிமுடி வாரி என்ற பெயரில் பிளேடு வைத்த கருவியும் விற்கிறார்கள். அது நல்ல மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடும். பழகிய கைக்கு மட்டும் அது சரி. முதலில் வாங்க வேண்டாம்.

வாரும் முறை இப்படி. நாயைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அடியில் ஒரு பழைய பெட்ஷீட். ரப்பர் பிரஷால் வட்ட வட்டமாக ஐந்து நிமிடம் தேயுங்கள். ஒட்டியிருக்கும் தூசியும் பொடுகும் தளர்ந்து மேலே வரும். பிறகு இடது கையால் முடியை எதிர்ப்பக்கமாக ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து முடி வளரும் திசையில் ரேக்கால் சின்னச் சின்னதாக வாரி, ஒரு விரல் அகலம் நகர்ந்து அடுத்த கோட்டைப் பிரியுங்கள். தொடையிலிருந்து ஆரம்பித்துத் தோள் வரை. லாப்ரடாருக்கு ஒரு பக்கம் ஏழெட்டு நிமிடம் ஆகும், கோல்டனுக்கு இருபது. ஒரே இடத்தில் பத்துத் தடவைக்கு மேல் இழுக்காதீர்கள், தோல் சிவந்துவிடும். கடைசியில் ஸ்டீல் சீப்பு தோல்வரை தடையில்லாமல் இறங்கினால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். தடுக்கினால் சிக்கு இருக்கிறது. அதை விரலால் பிரித்து, நுனியிலிருந்து வேருக்கு வாருங்கள். காதுக்குப் பின்னால், முன்கால் அக்குள், பின்தொடையின் பின்பக்கம், வாலடி, இந்த நாலு இடத்தையும்தான் எல்லோரும் விட்டுவிடுவது. சடை பிடிப்பதும் அங்கேதான், வாடை தொடங்குவதும் அங்கேதான்.

முதல் தடவை எடுக்கும் முடியைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒரு சின்னத் தலையணைக்குள் அடைக்கும் அளவு வரும். குளிர் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு தடவை அடிமுடி கொத்தாகக் கொட்டும். நம் ஊரில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்திலும் ஏசியிலும் இருக்கும் நாய்க்கு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்குச் சுமார் 20 நிமிடம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: குளிப்பதற்கு முன்னால்தான் வார வேண்டும். செத்த முடியோடு குளித்தால் தண்ணீர் பட்ட சிக்கு இறுகிவிடும், அடியில் ஷாம்பு அலசப்படாமல் தங்கிவிடும்.

"வெயில்காலத்தில் மொட்டையடித்துவிட்டால் வாடையும் குறையும், சூடும் குறையும்" என்று சிலர் சொல்வார்கள். இரண்டு அடுக்கு முடிக்காரர்களுக்கு அதைச் செய்யாதீர்கள். வாடை தோலில் இருப்பது, முடி போனாலும் எண்ணெய் ஊறும். வெயில் நேராகத் தோலில் படும். திரும்ப வளரும்போது பஞ்சு முடி முந்திக்கொண்டு வந்து, முன்பைவிட அதிகமாக ஈரத்தைப் பிடிக்கும். சில நாய்களுக்கு மேல்முடி பழையபடி வராமலேயே போய்விடும்.

வாரி முடித்த நாட்களில், வாரம் ஒரு தடவை துடைத்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி இரண்டு. வெள்ளை நிறமாக இருந்தால் எவ்வளவு அழுக்கு வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். துணியைச் சொட்டுச் சொட்டாமல் பிழிய வேண்டும். முதலில் முடிக்கு எதிர்த்திசையில், பிறகு முடியின் திசையில். கழுத்து, மார்பு, விலா, வயிறு, தொடை என்ற வரிசையில் போய், வாலடியைக் கடைசியில் துடைத்து அந்தத் துணியைத் தனியாகப் போடுங்கள். விரும்பினால் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் எடுக்கும், காய்ந்ததும் வினிகர் வாடை போய்விடும். புண், சொறிந்த சிவப்பு, கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வினிகர் தண்ணீர் படக்கூடாது. முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு தடவை, பிறகு மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம். வாசனை போட்ட குழந்தைத் துடைப்பான்கள் (வெட் வைப்ஸ்) முடியில் விட்டுப்போவதை நாய் நக்கித் தின்னும், அதனால் அவை வேண்டாம். நாய்க்கென்று வரும் வாசனையற்ற துடைப்பான் பயணத்துக்குச் சௌகரியம், வீட்டில் இந்தத் துணியே போதும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சென்னை மாதிரிக் கடலோர ஊரில் பாதிப் பிரச்சினை இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் சொதசொதவென்று இருக்கும். மழையில் நடந்துவிட்டு வந்த லாப்ரடாரின் மேல்முடி அரை மணியில் காய்ந்துவிடும். தொட்டுப் பார்த்துவிட்டு நாமும் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். இரண்டு விரலால் முடியைப் பிரித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள், அடிப்பஞ்சு சில்லென்று இருக்கும். அது காய மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் நாய் போய் மூலையில் சுருண்டு படுத்துவிட்டால், அடியில் இருக்கும் பக்கம் வெந்து ஊறிப்போகும். ஒரே ராத்திரியில் உள்ளங்கை அளவுக்கு முடி கொட்டி, சிவந்து, நீர் கசியும் புண் வருவது பெரும்பாலும் இப்படித்தான். கன்னத்திலும் தொடையிலும் அதிகம் வரும்.

ஆகவே வாசலிலேயே துண்டு தொங்க வேண்டும், இரண்டு மூன்று. தடித்த டர்க்கி டவலைவிட நம் ஈரிழைத் துண்டோ மைக்ரோஃபைபரோ வேகமாக உறிஞ்சும், வேகமாகக் காயும். பரபரவென்று தேய்க்காதீர்கள், தேய்த்தால் சிக்கு விழும், ஈரமும் உள்ளே போகும். துண்டை வைத்து அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடித்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். துண்டு நனைந்ததும் மாற்றுங்கள். பிறகு தரையில் வைக்கும் பெடஸ்டல் ஃபேனை நாயின் உயரத்துக்கு இறக்கி, முடியை எதிர்த்திசையில் கையால் கலைத்துக்கொண்டே காற்றுப் பட வையுங்கள். தலைமுடி டிரையர் என்றால் குளிர்காற்றில், ஒரு அடி தள்ளி. நாய் அந்தச் சத்தத்துக்குப் பயந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், ஃபேன் போதும். காதுமடலின் உட்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, வாலடி, இந்த நாலும் விரலுக்கு உலர்வாகப் பட்ட பிறகே படுக்கைக்கு விடுங்கள். கடலில் விளையாடிய நாயை நல்ல தண்ணீரால் அலசிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். உப்பு காய்ந்து தோலில் படிந்தால் இரவெல்லாம் நக்கும், நக்கிய இடம் மறுபடி ஈரம்.

கழுத்தை மறந்துவிடக் கூடாது. பெரிய நாய் தண்ணீர் குடித்தால் பாதி வாயில், பாதி தாடையில். நாளைக்கு ஏழெட்டு முறை அந்தத் தண்ணீர் வழிந்து கழுத்துப்பட்டைக்குள் இறங்குகிறது. நைலான் பட்டையை மூக்கருகே கொண்டுபோனால் தெரியும். நாயே நாறுகிறது என்று நினைத்தது பல வீடுகளில் அந்தப் பட்டைதான். வீட்டுக்குள் இருக்கும்போது கழற்றிவிடுங்கள், வாரம் ஒரு தடவை துவைத்து வெயிலில் போடுங்கள், இரண்டு பட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கைத்துண்டு வைத்து, பார்க்கும்போதெல்லாம் தாடையை ஒற்றி எடுத்தாலே வித்தியாசம் தெரியும். கிரேட் டேன், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்டு மாதிரி உதடு தொங்கும் நாய்களுக்கு இது இன்னும் முக்கியம்: கீழுதட்டு மடிப்பைப் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும், தினம் இரண்டு வேளை. அந்த மடிப்பில் எச்சிலும் சோறும் சேர்ந்து புளித்தால் வரும் வாடை வாய்நாற்றம் போலவே இருக்கும்; பல்லைத் தேய்த்தால் போகாது.

இனி பாதம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாத்ரூமில் பாதம் கழுவும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. கழுவுவதில் தவறில்லை, கழுவிவிட்டு அப்படியே விடுவதில்தான் தவறு. பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நாலு விரல் மெத்தை, நடுவில் ஒரு பெரிய மெத்தை, அவற்றுக்கு நடுவே மடிந்த தோல், அதில் குச்சிகுச்சியாக முடி. அந்த இடுக்குக்குள் தண்ணீர் போனால் தானாக வெளியே வராது. சாதாரண நாளில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சேற்றில் மிதித்திருந்தால் மட்டும் ஒரு மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ஒவ்வொரு பாதமாக முக்கி எடுங்கள், சோப்பு வேண்டாம். பிறகு துணியின் முனையை விரலில் சுற்றி, ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்துத் துடையுங்கள். மெத்தைகளுக்கு நடுவில் நீண்டு நிற்கும் முடியை, முனை மழுங்கிய கத்தரியால் மெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். உள்ளே குடைந்து வெட்ட வேண்டாம். டைல்ஸ் தரையில் வழுக்குவதும் குறையும்.

பாதத்தில் லேசாகச் சோளப்பொரி மாதிரி ஒரு வாடை இருப்பது சகஜம், அது அங்கே இருக்கும் பாக்டீரியாவால் வருவது, அப்படியே விடலாம். விரல் இடுக்கு சிவந்து, முடி துருப்பிடித்த மாதிரி பழுப்பாகி, புளித்த மாவு வாடை அடித்தால் அது ஈஸ்ட். பழுப்பு நிறம் எச்சிலால் வருவது. நாய் நமக்குத் தெரியாமல் இரவெல்லாம் நக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அடியில் ஒவ்வாமை இருக்கும். அதைத் துணியால் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

காதும் லாப்ரடாருக்கு வாடை கிளம்பும் முக்கியமான இடம். மடல் தொங்கி மூடிக்கொள்வதால் உள்ளே எப்போதும் வெதுவெதுப்பு. நாயின் காதுக்குழாய் நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்பும். அதனால்தான் பட்ஸ் போட்டால் அழுக்கு திருப்பத்தில் போய் அடைகிறது. வாரம் ஒரு தடவை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாடை இல்லை, உள்ளே வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். தேன் நிற மெழுகு கொஞ்சம் இருந்தால், நாய்க் காதுக்கென்று விற்கும் திரவத்தைக் குழாய் நிறையும் வரை ஊற்றி, காதடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அரை நிமிடம் பிசையுங்கள், சளசளவென்று சத்தம் கேட்கும். கையை எடுத்து நாயை உதற விடுங்கள். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள், விரல் எட்டும் வரை மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீந்திய நாளில் கூடுதலாக ஒருமுறை. தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள், அது ஈரத்தை மூடி வைத்து ஈஸ்ட்டுக்குச் சாதகமாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், எரியும். காப்பித்தூள் மாதிரிக் கருப்பாக வந்தாலோ, தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாலோ, தொட்டால் கத்தினாலோ வீட்டில் எதையும் ஊற்றக் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சாதாரணத் துப்புரவுத் திரவமே உள்காதைக் கெடுக்கும்.

வாயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பல்லில் படியும் படலம் சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும், அதனால் தினமும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்க்க வேண்டும். நாய்க்கான பற்பசை, மென்மையான பிரஷ், மேல்வரிசையின் பின்பல் வெளிப்பக்கம், ஈறோரம், பக்கத்துக்கு அரை நிமிடம். நம் பற்பசை கூடாது. நாய் துப்பாது, விழுங்கும், சில பசைகளில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம். பழுப்பாக இறுகிய காரை பிரஷுக்கு வராது, மயக்கம் கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

திடீரென்று கருவாட்டு வாடை ஒன்று அறை முழுக்க அடித்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால், அது ஆசனவாய்ச் சுரப்பி. ஆசனவாயின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் நாலு மணி, எட்டு மணி இருக்கும் இடங்களில் இரண்டு சின்னப் பைகள். மலம் கெட்டியாகப் போனால் அந்த அழுத்தத்தில் தானாகக் காலியாகும். மலம் தொடர்ந்து இளகலாக இருந்தால் பை நிரம்பிக்கொண்டே வரும், நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கும். மாதா மாதம் பிதுக்கிவிடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தேவையில்லாமல் பிதுக்கினால் வீங்கித் தானாகக் காலியாவது நின்றுபோகும். சோற்றைச் சரிசெய்யுங்கள், வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேர்த்தால் மலம் கட்டும். அப்படியும் தேய்ப்பு நிற்காவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும். கோல்டன், ஷெப்பர்டு மாதிரிப் பின்தொடையில் நீள முடி உள்ளவற்றுக்கு ஆசனவாயைச் சுற்றி ஒரு அங்குலம் முடியைக் குட்டையாக வெட்டி வைத்தால், மலம் ஒட்டும் தொல்லை போய்விடும்.

உடம்பைச் சுத்தம் செய்துவிட்டு நாயைப் பழைய படுக்கையில் விட்டால், அடுத்த நாளே வாடை திரும்பும். உங்கள் நாலாம் நாள் கணக்குக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். படுக்கைக்கு ஜிப் வைத்த உறை இரண்டு தையுங்கள், வாரம் ஒன்று துவைக்க. துவைக்கும் முன் உறையை உதறி, ரப்பர் பிரஷால் முடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாஷிங் மெஷினின் ஃபில்டர் அடைக்கும். 60 டிகிரிச் சூட்டில் துவைத்தால் ஈஸ்ட்டும் தெள்ளுப்பூச்சி முட்டையும் சாகும். துணி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம். அது துணி உறிஞ்சுவதைக் குறைக்கும், தோலிலும் ஒட்டும். உள்ளே இருக்கும் பஞ்சை மாதம் ஒரு முறை மொட்டைமாடி வெயிலில் காலையிலிருந்து மாலை வரை போடுங்கள். அதைவிட நல்லது, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்ந்த, துணி கட்டிய மடக்குக் கட்டில். அடியில் காற்றுப் போகும், ஈரம் தங்காது, துடைத்தால் சுத்தம்.

தரை துடைக்கும் பினாயில் பெரிய நாய் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. தரையில் படுத்து, பாதத்தை நக்கி, அதை உள்ளே அனுப்பும் உயிர் அது. வெறும் வெந்நீரில் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. கிருமிநாசினி போட்டே ஆகவேண்டும் என்றால் டப்பாவில் எழுதிய அளவுக்குக் கலக்கி, துடைத்து, தரை முழுக்கக் காய்ந்த பிறகுதான் நாயை விட வேண்டும். சிறுநீர் போன இடத்துக்கு என்சைம் கலந்த திரவம்தான் வேலை செய்யும். அதை ஊற்றி 15 நிமிடம் ஊறவிட வேண்டும், உடனே துடைத்தால் பயனில்லை. பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

இப்போது தவிர்க்க வேண்டியவை, ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறுகள்தான் இதில் அதிகம். குளிக்கிற தண்ணீரில் வீட்டுக் கிருமிநாசினி ஒரு மூடி விடுவது தோலைச் சுடும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம், "இயற்கை" என்று எழுதியிருந்தாலும் சரி. கற்பூரமும் பாச்சை உருண்டையும் படுக்கைக்குப் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. குழந்தைக்குக் காட்டுவதுபோல முடி காயச் சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. டால்கம் பவுடர் மூச்சுக்குள் போகும். சோளமாவுப் பவுடரை உலர் ஷாம்புவாகத் தூவி வாருவது வறண்ட ஊர்களில் சரி, சென்னை ஈரத்தில் அது அடிமுடியில் பசையாகி ஒட்டிக்கொள்ளும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தோலைப் பொசுக்கி, நக்கினால் நுரையீரல் வரை போகும். வேப்பிலை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து மேலே ஊற்றுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அது உண்ணிக்கும் ஈஸ்ட்டுக்கும் மருந்து ஆகாது. நாய் சென்ட் அடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு: வாடை என்பது நாய் நமக்குச் சொல்லும் செய்தி. அதை மூடிவிட்டால் காது சீழ் பிடித்தது பத்து நாள் தாமதமாகத்தான் தெரியும்.

உண்ணி என்றதும் ஒன்று. நம் ஊர் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் நடத்தக்கூடியது. சுவர் விரிசலிலும் கதவிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். வாரும்போதும் துடைக்கும்போதும் காதுமடல் உட்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டை அடி, வாலடி இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி வந்தால் ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சி எச்சம், கரையாவிட்டால் வெறும் மண்.

குளியலையும் ஒழுங்காகச் செய்தால்தான் நடுவில் இருக்கும் நாட்கள் நன்றாகப் போகும், அதனால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாம்புவை ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் என்று பாட்டிலில் கலக்கி ஊற்றினால்தான் தோல்வரை போகும். நுரை போட்டதற்கு இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். கையில் வழுவழுப்பு போய் முடி கிறீச்சிட வேண்டும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் கடைசி இரண்டு பக்கெட் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு பிசுபிசுவென்று முடியில் படிந்துவிடும், அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரிக் குட்டை முடி நாய்களுக்கு இத்தனையும் வேண்டாம்: வாரம் இரண்டு தடவை ரப்பர் கையுறை, ஒரு ஈரத்துணி, காது, பாதம், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் மூன்று வாரம் செய்து பாருங்கள். பிறகும் வாடை வந்தால் பெரும்பாலும் உடம்பு முழுக்க வராது, ஏதோ ஒரு இடத்திலிருந்து வரும். மூக்கை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோல் கருத்து, தடித்து, எண்ணெய் வழிகிறதா. முடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டுகிறதா. வாயில் அமோனியா வாடையா, பழம் அழுகின வாடையா. பெண் நாயாக இருந்து பின்பக்கத்தில் துர்நாற்றமா? தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை, கர்ப்பப்பைச் சீழ் என்று ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு முகம் உண்டு. கடைசியாகச் சொன்னது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். மற்றபடி தோலுக்கோ காதுக்கோ காட்டப் போகிறீர்கள் என்றால், அது வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்துக் கிளினிக்கோ, போவதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டவும் வேண்டாம், காதைத் துடைக்கவும் வேண்டாம். அந்த அழுக்கைத்தான் கண்ணாடித் தகட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சுத்தம் செய்து கூட்டிப்போனால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.